எஸ்.பி. ரோட்டில் வாங்கிய இரண்டு பழைய 10 ஜிகாபிட் கார்டுகளும் அவற்றின் லினக்ஸ் டிரைவர்களும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு சின்ன அலுவலகத்துக்கு 10 ஜிகாபிட் நெட்வொர்க் போட நினைப்பவர்கள் புதுக் கார்டுக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டியதில்லை. எஸ்.பி. ரோட்டில் பழைய இன்டெல் எக்ஸ்520, எக்ஸ்710 கார்டுகள் கிடைக்கின்றன. இரண்டுமே நல்ல கார்டுகள், இரண்டையும் தைரியமாக வாங்கலாம். லினக்ஸ் சர்வரில் போட்டால் பெரும்பாலும் கர்னலோடு, அதாவது லினக்ஸின் மையப் பகுதியோடு, வரும் டிரைவரே (கார்டை இயக்கும் மென்பொருள்) போதும். தனியாக டிரைவரின் மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்ய (ஓடும் கோப்பாக மாற்ற) வேண்டிய கட்டாயம் சிலருக்கு வரும். அவர்களுக்காகத்தான் இதை நீளமாக எழுதுகிறேன். கம்பைல் செய்வது சுலபம். அடுத்த கர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் அந்த டிரைவர் அங்கேயே இருக்கும்படி செய்வதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

நான் லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். பெரிய கம்பெனிகள் இல்லை, சிறு அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். இந்தக் கார்டுகள் போனது இரண்டு இடங்களுக்கு. ஒன்று அல்சூரில் உள்ள கல்யாண வீடியோ எடிட்டிங் ஸ்டுடியோ. இன்னொன்று கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர்.

ஸ்டுடியோவின் தேவையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட் போகும். ஒரு டெராபைட் காட்சிகளைச் சர்வருக்கு ஏற்ற இரண்டரை மணி நேரம் ஆகும். முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் நாலைந்து கேமராக்கள் வந்து இறங்கும். எடிட்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு ஸ்டுடியோ முதலாளிக்கு நேரடியான பண நஷ்டம்.

சரி, கடைக்கு வருவோம். பெயரைப் போடவில்லை. எஸ்.பி. ரோட்டில் சர்வர் பாகங்கள் விற்கும் கடைகள் பல இருக்கின்றன, நான் சொல்லும் குணங்களை வைத்து நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கார் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடமே கிடைக்காது. பச்சை வழி மெட்ரோவில் சிக்பேட்டையிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

நான் வாங்கும் கடை மாடியில் இருக்கிறது. கடைக்காரர் வேலூர்ப் பக்கத்துக்காரர். டேட்டா சென்டர்களில் கழித்துவிடும் சர்வர்களை மொத்தமாக எடுத்து, பாகம் பாகமாகப் பிரித்து விற்கிறார். எனக்கு அவரிடம் பிடித்தது அவருடைய சோதனை மேசை. மூடி இல்லாத ஒரு மதர்போர்டு, அதில் யூஎஸ்பியில் இருந்து ஓடும் லினக்ஸ். எந்தக் கார்டைக் கேட்டாலும் அதில் செருகிக் காட்டுவார்.

“அண்ணா, எக்ஸ்520 டிஏ2 வேணும். பிராக்கெட் ரெண்டு சைஸும் வேணும்” என்றேன்.

“இருக்கும்மா. ஆனா புதுசு, சீல் பிரிக்காததுன்னு கேக்காத. அந்த மாதிரி கம்மி விலைக்கு வர்றதுல டூப்ளிகேட் ஜாஸ்தி. நான் சர்வர்ல இருந்து கழட்டினதுதான் தருவேன்” என்றார்.

இது சரியான பேச்சு. இந்த வகைக் கார்டுகளில் போலிகள் நிறைய உலவுகின்றன. பெரிய சர்வர் நிறுவனங்களின் முத்திரையோடு அவர்களுடைய சர்வரிலிருந்தே கழற்றிய கார்டு, பளபளப்பான பெட்டியில் குறைந்த விலைக்கு வரும் ‘புதுக்’ கார்டைவிட நம்பகமானது.

மேசையில் செருகியதும், கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் எக்ஸ்520க்கு 8086:10எஃப்பி என்றும், எக்ஸ்710க்கு 8086:1572 என்றும் அடையாள எண் வந்தது. அதே கட்டளையை விரிவாக ஓட்டினால் பிசிஐஇ இணைப்பின் (கார்டு மதர்போர்டோடு பேசும் வழி) வேகமும், எத்தனை லேன் என்ற அகலமும் தெரியும். எக்ஸ்520 என்றால் நொடிக்கு 5 ஜிகா டிரான்ஸ்ஃபர், எட்டு லேன். எட்டுக்குப் பதில் நாலு லேன் என்று காட்டினால் கார்டின் தங்க விரல்களில் அழுக்கோ தேய்மானமோ இருக்கலாம், அல்லது ஸ்லாட்டே நாலு லேனாக இருக்கலாம். கடையிலேயே பார்த்துவிடுங்கள். இரண்டு போர்ட்டிலும் கேபிள் செருகி லிங்க் வருவதைக் காட்டிய பிறகுதான் அவர் கார்டை ஆன்டிஸ்டாட்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். பில்லும் கொடுத்தார், ஒரு மாத வாரண்டியும் எழுதிக் கொடுத்தார். எக்ஸ்520 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. எக்ஸ்710க்கு அதைப்போல இரண்டு மடங்கு ஆனது. கேபிளும் மாட்யூலும் தனிக் காசு.

முதலில் எக்ஸ்520. இதன் உள்ளே இருப்பது இன்டெலின் 82599 சிப். வயதான சிப்தான், ஆனால் ஊறிப்போன சிப். பிசிஐஇ இரண்டாம் தலைமுறை, எட்டு லேன். கழிவெல்லாம் போக 32 ஜிகாபிட் கிடைக்கும் என்பதால் இரண்டு போர்ட்டையும் முழுவேகத்தில் ஓட்டத் தாராளமாகப் போதும். நாலு லேன் ஸ்லாட்டில் போட்டால் 16 ஜிகாபிட்தான். ஒரு போர்ட் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு அதுவும் போதும். 2.5 ஜிகாபிட், 5 ஜிகாபிட் எல்லாம் இதில் கிடையாது. 10 அல்லது 1, அவ்வளவுதான்.

சூடு ஒரு விஷயம். இது சர்வரின் உள்ளே வேகமாக அடிக்கும் காற்றை நம்பிச் செய்யப்பட்ட கார்டு. அதன் மேல் வெறும் ஹீட்சிங்க்தான், விசிறி இல்லை. ஸ்டுடியோவின் சர்வர் டவர் வகை என்பதால் கார்டுக்கு நேரே காற்று போகும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தேன். டவர் கேஸில் போடும் எவருக்கும் அந்த ஃபேனைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

ஸ்டுடியோ சர்வரில் ஓடுவது டெபியன் 12 லினக்ஸ், கர்னல் 6.1. கார்டைப் போட்டேன், பூட் செய்தேன், இரண்டு போர்ட்டுக்கான நெட்வொர்க் இடைமுகங்களும் வந்துவிட்டன. கர்னலிலேயே இருக்கும் ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர் தானாக ஏறியது. கம்பைல் இல்லை, டவுன்லோட் இல்லை. எக்ஸ்520 வாங்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும், முடியவும் வேண்டும். ‘லேட்டஸ்ட் டிரைவர்’ போட்டால்தான் வேகம் வரும் என்று நினைத்து இன்டெல் வெளியிடும் பொதியை இறக்கிப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஆண்டுக்கணக்கில் பழகிய ஒரு கார்டுக்கு அதனால் கண்ணுக்குத் தெரியும் லாபம் ஏதும் இல்லை. கர்னலோடு வரும் டிரைவருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அப்டேட்டோடு சேர்ந்தே வருகின்றன. கையால் போட்டதற்கு அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எக்ஸ்520 முரண்டு பிடிக்கும், அது எஸ்எஃப்பி பிளஸ் மாட்யூல், அதாவது ஃபைபர் கேபிளுக்காகக் கார்டின் போர்ட்டில் செருகும் சின்னப் பாகம். சர்வரிலிருந்து ஸ்விட்சுக்கு நான் போட்டது பேசிவ் டாக் கேபிள், அதாவது இரு முனையிலும் செருகி சேர்ந்தே வரும் செம்புக் கேபிள். உரிய தரநிலைப்படி செய்த பேசிவ் டாக் கேபிள் எந்தத் தயாரிப்பாக இருந்தாலும் 82599 ஏற்றுக்கொள்ளும் என்று டிரைவரின் ரீட்மீ கோப்பிலேயே எழுதியிருக்கிறது. அப்படியே நடந்தது. மாடி எடிட்டிங் அறைக்கு மட்டும் ஃபைபர் தேவைப்பட்டது. அதற்கு வாங்கிய மாட்யூல், இன்டெல் கார்டு ஏற்றுக்கொள்ளும்படி கோட் செய்யப்படாதது. அதைச் செருகி பூட் செய்ததும் அந்த இடைமுகமே காணோம். கர்னல் லாகில் ஆதரிக்கப்படாத மாட்யூல் என்று ஒரு வரி இருந்தது.

இதற்கு வழி டிரைவரிலேயே இருக்கிறது. டிரைவர்களை ஏற்றும் மாட்ப்ரோப் கருவியின் அமைப்புகள் இருக்கும் கோப்புறையில் ஒரு சின்னக் கோப்பு. அதில் ஐஎக்ஸ்ஜிபிஇக்கு ‘அலவ் அன்சப்போர்ட்டட் எஸ்எஃப்பி’ என்ற அளவுருவை 1 என்று வைக்க வேண்டும். சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. இங்கே பலர் தடுமாறும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, இந்த டிரைவர் சர்வர் பூட் ஆகும் தொடக்கத்திலேயே இனிட்ராம்எஃப்எஸ் (அந்த நேரத்தில் கர்னல் பயன்படுத்தும் சின்னக் கோப்புத் தொகுப்பு) உள்ளிருந்து ஏறிவிடலாம். அதனால் கோப்பை எழுதினால் மட்டும் போதாது, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பிக்க வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் அதற்கான கட்டளை அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ராக்கி லினக்ஸ் போன்றவற்றில் டிராகட். இரண்டாவது, கர்னலோடு வரும் டிரைவருக்கு ஒரே ஒரு 1 போதும். இன்டெல் தனியாக வெளியிடும் டிரைவரில் போர்ட்டுக்கு ஒரு மதிப்பு, நடுவில் காற்புள்ளி போட்டு 1,1 என்று கொடுக்க வேண்டும். இன்டெல் டிரைவருக்காக எழுதிய குறிப்பைப் பார்த்து கர்னல் டிரைவருக்குப் போட்டாலும், மாற்றிப் போட்டாலும், ஒரு போர்ட் மட்டும் வேலை செய்யும், அல்லது டிரைவரே ஏறாது.

எக்ஸ்710இல் இந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே வேறு மாட்யூல்களை மறுக்கும் பூட்டு டிரைவரில் இல்லை, கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் இருக்கிறது. அதனால் ஃபைபர் போடுபவர்கள் இன்டெலுக்குக் கோட் செய்த மாட்யூலையே கேட்டு வாங்குங்கள். எஸ்.பி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும், விலை வித்தியாசமும் அதிகமில்லை.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் கருவியை வைத்து அளந்தால் சாதாரண 1500 எம்டியூவில் (ஒரு பாக்கெட்டின் அளவு) 9.4 ஜிகாபிட் வருகிறது. பாக்கெட்டுகளின் தலைப்புத் தகவல்கள் போக, தரவை அனுப்பும் டிசிபி முறைக்குக் கிடைக்கக்கூடிய உச்சமே அவ்வளவுதான், எனவே கார்டில் குறை இல்லை. எடிட்டிங் அறையில் இப்போது தடை டிஸ்க்கில்தான் இருக்கிறது, நெட்வொர்க்கில் இல்லை.

அடுத்து ஸ்கேன் சென்டர். டிரைவர் கம்பைல் செய்யும் கட்டாயம் வந்தது இங்கேதான்.

அங்கே படங்களைச் சேமிக்கும் சர்வரில் ராக்கி லினக்ஸ் 8, கர்னல் 4.18. மென்பொருள் கொடுத்த நிறுவனம் அந்தப் பதிப்பைத் தாண்ட விடாது. அதில் எக்ஸ்710ஐப் போட்டதும் கர்னலில் உள்ள ஐ40ஈ டிரைவர் ஏறியது, லிங்க் வந்தது, படங்களும் ஓடின. ஆனால் கர்னல் லாகில் ஒரு வரி வந்தது. கார்டின் என்விஎம் நினைவகத்தில் உள்ள ஃபர்ம்வேர், டிரைவர் எதிர்பார்ப்பதைவிடப் புதியது, மிகப் புதிய டிரைவரைப் போடுங்கள் என்று. பழைய கர்னலில் இந்த வரி பலருக்கும் வருவதுதான், வந்தாலும் கார்டு ஒழுங்காகவே ஓடும். எனக்கும் ஓடியது. ஆனால் மென்பொருள் நிறுவனத்தின் சப்போர்ட் ஆட்கள் லாகை வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த வரி போகும்வரை வேறு எந்தப் புகாரையும் எடுக்க மாட்டோம் என்றார்கள். ஸ்கேன் சென்டருக்குச் சப்போர்ட் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது. நோயாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

ஃபர்ம்வேரைப் பழைய பதிப்புக்கு மாற்றலாமே என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். அதிலும் சர்வர் நிறுவனங்களின் முத்திரையோடு வரும் கார்டுக்கு அந்தந்த நிறுவனத்தின் ஃபர்ம்வேர் பொதியைத்தான் பயன்படுத்த வேண்டும், இன்டெலின் பொதுப் பொதியைத் திணிக்கக் கூடாது. டிரைவரை மேலே கொண்டுபோவதே பாதுகாப்பான பாதை.

இன்டெல் இந்த டிரைவர்களை மூலநிரலோடு வெளியிடுகிறது. முன்பு சோர்ஸ்ஃபோர்ஜில் இருந்தவை இப்போது கிட்ஹப்பிலும் இருக்கின்றன, ஐ40ஈ, ஐஎக்ஸ்ஜிபிஇ, ஐஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம். அதோடு வரும் ரீட்மீயை ஒரு நல்ல ஆவணம் என்று மனதாரச் சொல்வேன். நீளமானது, ஆனால் முழுதாகப் படிக்கத் தகுந்தது. நம் ஊர் அலுவலகங்களில் அதைப் படிக்காமல் எங்கேயோ கிடைத்த நாலு வரிக் கட்டளையை ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம் மாற வேண்டும்.

பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ராக்கி 8இன் கர்னல் பெயருக்குத்தான் 4.18. ராக்கிக்கு மூலமான ரெட் ஹாட் லினக்ஸை வெளியிடும் நிறுவனம், ஒவ்வொரு சிறு வெளியீட்டிலும் புதிய கர்னல்களிலிருந்து நிறைய விஷயங்களைப் பின்னுக்குக் கொண்டுவந்து அதில் சேர்த்துவிடுகிறது. இன்டெலின் நிரலில் கேகாம்பாட் என்ற பகுதி, இது ரெட் ஹாட் கர்னலா, எத்தனையாவது சிறு வெளியீடு என்று பார்த்து, இல்லாத செயற்கூறுகளைத் தானே எழுதிக்கொள்ளும். நீங்கள் எடுக்கும் டிரைவர், உங்கள் சிறு வெளியீட்டைவிடப் பழையதாக இருந்தால், கர்னலில் ஏற்கெனவே இருப்பதையே இதுவும் எழுதப் போய் கம்பைல் பிழைகள் பக்கம் பக்கமாகக் கொட்டும். ‘4.18தானே, பழைய டிரைவரே பொருந்தும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. உங்கள் ராக்கி அல்லது அல்மா வெளியீட்டுக்குப் பிறகு வந்த டிரைவரை எடுங்கள்.

கம்பைல் செய்ய ஜிசிசி கம்பைலர், மேக் என்ற கட்டும் கருவி, எல்ஃப் நூலகத்தின் டெவல் பொதி, அப்புறம் கர்னலுக்கு ஏற்றபடி டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள் உள்ள கர்னல்-டெவல் பொதி வேண்டும். இந்தக் கடைசிப் பொதியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பெயரை மட்டும் சொல்லி நிறுவினால் களஞ்சியத்தில் உள்ள மிகப் புதிய கர்னலுக்கானது வரும். உங்கள் சர்வரில் ஓடுவது அதற்கு முந்தைய கர்னலாக இருக்கலாம். யூநேம் கட்டளை காட்டும், ஓடும் கர்னலின் எண்ணும் கர்னல்-டெவல் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பழைய எண்ணுக்கானது களஞ்சியத்தில் கிடைக்காவிட்டால், முதலில் கர்னலை அப்டேட் செய்து, ரீபூட் செய்து, அதன்பிறகு ஆரம்பியுங்கள். உபுண்டு 22.04இல் 6.5 கர்னல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. அந்தக் கர்னல் ஜிசிசி 12 கொண்டு கட்டப்பட்டது, கணினியில் இயல்பாக இருப்பதோ ஜிசிசி 11. ஜிசிசி 12ஐத் தனியாக நிறுவினால் சரியாகிவிடும்.

மற்றதெல்லாம் எளிது. டார் கோப்பை விரித்து, உள்ளே எஸ்ஆர்சி கோப்புறைக்குப் போய், மேக், பிறகு மேக் இன்ஸ்டால். நடுவில் பிடிஎஃப் தகவலை உருவாக்கவில்லை, விஎம்லினக்ஸ் கிடைக்கவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. புதிய மாட்யூல் (இனி மாட்யூல் என்பது கம்பைல் ஆன டிரைவர் கோப்பு, ஃபைபர் பாகம் அல்ல) கர்னலின் மாட்யூல் கோப்புறையில் ‘அப்டேட்ஸ்’ என்ற தனிப் பகுதியில் போய் உட்காரும். கர்னலின் சொந்த ஐ40ஈ தன் இடத்தில் அப்படியே இருக்கும். மாட்யூல்களின் பட்டியலைத் தயாரிக்கும் டெப்மாட் கட்டளை அப்டேட்ஸ் பகுதிக்கு முன்னுரிமை கொடுப்பதால் புதியது ஏறும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஏதாவது தவறினால் புதியதை எடுத்துவிட்டு, டெப்மாடும் டிராகட்டும் ஓட்டினால் பழையது திரும்பிவிடும்.

டிரைவரை மாற்றும் தருணம்தான் பயமானது. நீங்கள் தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாகச் சர்வரின் உள்ளே இருக்கிறீர்கள், அந்த எஸ்எஸ்ஹெச் இதே கார்டு வழியாக வருகிறது. டிரைவரை நினைவகத்திலிருந்து இறக்கும் ஆர்எம்மாட் கட்டளையை அடித்த நொடியில் நீங்கள் வெளியே. பழைய டிரைவரை இறக்குவதையும் புதியதை ஏற்றுவதையும் ஒரே வரியில் கோத்து, இணைப்பு அறுந்தாலும் தொடர்ந்து ஓடும்படி டிமக்ஸ் என்ற கருவிக்குள் வைத்து அடிக்க வேண்டும். அதைவிட நல்லது மதர்போர்டில் உள்ள 1 ஜிகாபிட் போர்ட் வழியாக உள்ளே வருவது. ஸ்கேன் சென்டரில் அப்படித்தான் செய்தேன். ஐ40ஈயைச் சார்ந்து ஓடும் ஐஆர்டிஎம்ஏ மாட்யூல் ஏறியிருந்தால் ஐ40ஈயை இறக்க விடாது, முதலில் அதை இறக்க வேண்டும்.

அந்தச் சர்வரில் செக்யூர் பூட், அதாவது நம்பும் கையெழுத்து உள்ள நிரலை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு, போடப்பட்டிருந்தது. கையால் கம்பைல் செய்த மாட்யூலுக்குக் கர்னல் நம்பும் கையெழுத்து இல்லை என்பதால் ஏற்ற மறுத்துவிடும். செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்பது பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. நோயாளிகளின் படங்கள் இருக்கும் சர்வரில் அதை நான் ஏற்க மாட்டேன். சொந்தச் சாவி ஒன்றை உருவாக்கி, அதில் மாட்யூலைக் கையெழுத்திட்டு, மோக்யூடில் என்ற கருவி மூலம் அந்தச் சாவியைப் பதிவு செய்வதே முறை. மோக்யூடில் ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். அடுத்த முறை பூட் ஆகும்போது கர்னல் வருவதற்கு முன் ஒரு நீலத் திரை வரும். பத்து நொடிக்குள் ஒரு கீயைத் தட்டினால்தான் சாவியைச் சேர்க்கும் மெனு திறக்கும், இல்லாவிட்டால் வழக்கம்போல பூட் ஆகிப் போய்விடும். நெட்வொர்க் வழியாக இதைச் செய்ய முடியாது. தொலைவிலிருந்தே சர்வரின் திரையைக் காட்டும் ஐபிஎம்ஐ கன்சோல் வேண்டும், அல்லது ஆள் நேரில் இருக்க வேண்டும்.

அங்கே ரிமோட் கன்சோலுக்கு லைசன்ஸ் வாங்கவில்லை. இரவு சென்டர் மூடிய பிறகு அங்கிருந்த டெக்னீஷியன் பையனை மானிட்டர் முன் உட்கார வைத்துவிட்டு, போனில் பேசிக்கொண்டே செய்தோம்.

“அக்கா, நீலமா ஒரு ஸ்க்ரீன் வந்துருக்கு. கவுன்ட்டவுன் ஓடுது.”

“உடனே ஏதாவது ஒரு கீ தட்டு தம்பி. என்ரோல் மோக்னு இருக்கும், அதுல போ. கன்டினியூ குடு, யெஸ் குடு, அப்புறம் நான் வாட்ஸ்அப்ல அனுப்பின பாஸ்வேர்ட போடு.”

அவன் நிதானமாகச் செய்தான். சர்வர் எழுந்தது. லாகில் அந்த என்விஎம் வரி இல்லை.

எந்த டிரைவர் ஓடுகிறது என்பதை ஊகத்தில் விடாதீர்கள். மாட்இன்ஃபோ டிஸ்க்கில் எந்தக் கோப்பு தேர்ந்தெடுக்கப்படும் என்று சொல்லும், நினைவகத்தில் எது ஓடுகிறது என்று சொல்லாது. ஓடுவதைச் சொல்வது ஈத்டூல் கட்டளையின் ஐ விருப்பம். அதில் பதிப்பு வரியைப் பாருங்கள். 2020க்குப் பிறகான கர்னல்களில், கர்னலோடு வரும் டிரைவர்களுக்குத் தனிப் பதிப்பு எண்ணை எடுத்துவிட்டார்கள். அங்கே கர்னலின் எண்ணே வரும். இன்டெலிலிருந்து கட்டியதில் அதன் சொந்த எண் வரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் டிராகட் ஓட்ட மறந்திருப்பார்கள், பூட் ஆகும்போது இனிட்ராம்எஃப்எஸ்ஸில் உள்ள பழையது ஏறியிருக்கும்.

தொடக்கத்தில் சொன்ன கர்னல் அப்டேட் விஷயம் இதுதான். மேக் இன்ஸ்டால் செய்தது அந்த ஒரு கர்னலுக்கு மட்டும். அப்டேட் வந்து ரீபூட் ஆனதும் புதிய கர்னலில் உங்கள் மாட்யூல் இருக்காது. கர்னலின் சொந்த ஐ40ஈ சத்தமில்லாமல் ஏறிவிடும். நெட்வொர்க் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் சப்போர்ட் ஆட்கள் லாக் கேட்கும்போதுதான் தெரியும். கர்னலில் டிரைவரே இல்லாத புதிய கார்டு என்றால் இன்னும் மோசம், ரீபூட்டுக்குப் பின் நெட்வொர்க்கே இருக்காது.

இதற்கான விடை டிகேஎம்எஸ். டெல் நிறுவனத்தில் பிறந்த கருவி, இப்போது பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இருக்கிறது. ராக்கியில் ஈபெல் என்ற கூடுதல் களஞ்சியத்திலிருந்து வரும். டிரைவரின் மூலநிரலை யூஎஸ்ஆர் எஸ்ஆர்சியில் பெயர்-பதிப்பு என்ற கோப்புறையில் வைத்து, கூடவே ஒரு சின்ன டிகேஎம்எஸ் கான்ஃப் கோப்பு எழுதினால் போதும். பெயர், பதிப்பு, மாட்யூல் எங்கே உருவாகும், எங்கே போக வேண்டும், ஆட்டோஇன்ஸ்டால் ‘யெஸ்’. ஒவ்வொரு கர்னல் அப்டேட்டிலும் அதுவே கம்பைல் செய்து நிறுவிவிடும். அதன் புதிய பதிப்புகள் தாமே ஒரு சாவியை உருவாக்கி மாட்யூலைக் கையெழுத்திட்டுவிடும். அந்தச் சாவியை ஒரே ஒருமுறை நீலத் திரையில் பதிவு செய்தால் போதும். ஸ்கேன் சென்டரில் நாங்கள் பதிவு செய்தது டிகேஎம்எஸ்ஸின் இந்தச் சாவியைத்தான். ஒரு நிபந்தனை, கர்னல் அப்டேட் வரும்போது அதற்கான கர்னல்-டெவலும் சேர்ந்தே வர வேண்டும். அப்டேட்டுக்குப் பின், ரீபூட்டுக்கு முன், டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பார்த்து புதிய கர்னல் எண்ணுக்கு நேரே ‘இன்ஸ்டால்ட்’ என்று இருக்கிறதா என உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரீபூட் செய்யாதீர்கள்.

எக்ஸ்710 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 6.8 போன்ற புதிய கர்னல்களுக்குப் போகும்போது இடைமுகத்தின் பெயர் மாறலாம். இஎன்எஸ்1எஃப்0 என்றிருந்தது இஎன்எஸ்1எஃப்0என்பி0 என்று வாலோடு வரும். டிரைவர் போர்ட்டின் பெயரையும் சேர்த்துத் தெரிவிக்கத் தொடங்கியதால் இப்படி. ஐபி முகவரி பழைய பெயரில் எழுதப்பட்டிருந்தால் சர்வர் எழுந்தும் யாருக்கும் எட்டாது. சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில் கார்டுக்கே உரிய மேக் முகவரியை வைத்துப் பெயரை நிலையாகக் கட்டிவிட்டால் இந்தக் கவலை இல்லை. அல்சூர், கம்மனஹள்ளி இரண்டு இடத்திலும் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

மதிப்பெண் கேட்டால், எக்ஸ்520க்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணை மாட்யூல் பூட்டுக்காகக் குறைக்கிறேன். எக்ஸ்710க்கு நாலு. புதிய கர்னலில் போடுபவர்கள் யோசிக்காமல் வாங்கலாம், பழைய கர்னலோடு கட்டிப்போடப்பட்டவர்கள் ஓர் இரவு வேலையைக் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். கடைக்கு முழு ஐந்து, அந்தச் சோதனை மேசைக்காகவே.

அதே கடையில் 25 ஜிகாபிட் இ810 கார்டுகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. அதை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதன் ஐஸ் டிரைவருக்கு மாட்யூல் மட்டும் போதாது, டிடிபி என்ற பொதிக் கோப்பும் ஃபர்ம்வேர் கோப்புறையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கார்டு சேஃப் மோடில் எழும். லிங்க் வரும், ஆனால் மேம்பட்ட வசதிகள் எதுவும் இல்லாமல் ஒற்றை வரிசையில் ஓடும். கர்னல் லாகில் சேஃப் மோட் என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, கோப்பைச் சேர்த்து டிரைவரை மறுபடி ஏற்றுங்கள்.